பாட்டுக் குழுவின் முதல் வருஷம்

(கடையநல்லூரில் பாட்டுக் குழு அமைப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் ஒரு பாட்டுக் குழு அமைப்பதற்காக நாம் கூடியிருக்கிறோம். நாற்பது பேருக்குத்தான் பாய் விரித்தோம். திண்ணை நிறைந்து, வாசலிலும் ஆட்கள் நிற்கிறீர்கள். பீடிச் சுளகோடு வந்த சகோதரிகள் கேட்டுக்கொண்டே இலை சுருட்டுகிறார்கள். இராத்திரி ஷிப்டுக்குப் போகவேண்டிய மில் தோழர்கள் சோற்றுத் தூக்கோடு வந்திருக்கிறார்கள். மேலக்கடையநல்லூர், கிருஷ்ணாபுரம், பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். நமக்குப் பெரிய சந்தோஷம். கூடவே ஒரு பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

குழு அமைப்பது ஒரு நாள் வேலை. ஒரு பெயர், ஒரு செயலாளர், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். அந்தக் குழுவை ஒரு வருஷம் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். ஆகவே இன்றைக்கு அந்த முதல் வருஷத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

இதற்கு முன்பும் நாங்கள் ஒரு குழு அமைத்தோம். சிலருக்கு ஞாபகம் இருக்கும். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு ஆர்மோனியம் இருந்தது. எட்டு மாதத்தில் அது கலைந்துபோயிற்று. காசில்லாமல் கலையவில்லை. போலீஸ் வந்து கலைக்கவில்லை. நாங்களேதான் கலைத்தோம்.

எப்படி? பொதுக்கூட்டம் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போடுவோம். பேச்சாளர் எட்டரை மணிக்கு வருவார். அதுவரை ஜனங்கள் எழுந்து போய்விடாமல் இருக்கவேண்டுமே, பாட்டுக் குழுவை மேடையில் ஏற்று என்போம். பேச்சாளரின் கார் வெளிச்சம் தெருமுனையில் தெரிந்ததும், பாட்டு எந்த அடியில் இருந்தாலும் சரி, கையைக் காட்டி நிறுத்திவிடுவோம். ஒரு நாள் அப்படி நிறுத்தப்பட்ட ஒரு தாயார், பகலெல்லாம் நடவு நட்டுவிட்டுக் காலில் சேறு காயாமல் வந்தவர், மேடையை விட்டு இறங்கும்போது எங்களைப் பார்த்து, சோறு வருகிற வரைக்கும் இலையில் தொட்டுக்கொள்ளுகிற ஊறுகாயா எங்கள் பாட்டு என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த தடவை அவர் வரவில்லை. அவரோடு நாலு பேர் வரவில்லை.

இரண்டாவது தவறு, கூட்டம் இருந்தால் மட்டும் பாடகர்களைக் கூப்பிட்டோம். கூட்டம் இல்லாத மாதத்தில் ஒத்திகையும் இல்லை. பாட்டை மறந்தார்கள், பிறகு ஒருவரையொருவரே மறந்தார்கள்.

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு. ஆனால் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. ஆர்மோனியம் வாசித்தவர் ஆண். சுருதியை ஒன்றரைக் கட்டையில் வைத்தார். ஆண்களுக்கு அது சுகமான சுருதி. பெண்களின் குரல் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில்தான் சுகமாக நிற்கும். ஒன்றரைக் கட்டையில் பாடச் சொன்னால், மேலே போகும்போது தொண்டை கிழியும், கீழே இறங்கினால் சத்தமே வராது. பெண்கள் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்களுக்குக் கூச்சம் என்று நாங்கள் முடிவுகட்டினோம். குறை கூச்சத்தில் இல்லை தோழர்களே, கட்டையில் இருந்தது! எல்லோரும் சேர்ந்து பாடுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு, பாதிப் பேர் பாடமுடியாத இடத்தில் சுருதியை வைத்திருந்தோம்.

இந்தச் சுயவிமர்சனத்தை இங்கே எதற்காகச் செய்கிறோம்? நம் தமிழ் பாஷையில் 'நாங்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'நாம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் எதிரில் இருப்பவர் அதில் சேர்த்தி இல்லை. 'நாம்' என்றால் அவரும் சேர்த்தி. பழைய குழுவை 'நாங்கள்' நடத்தினோம். புதிய குழுவை 'நாம்' நடத்தவேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

சுருட்டுத் தொழிலாளர் மாற்றிய ஒரு சொல்

இது சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாகாணத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் 1945 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு கேட்டார்கள். முன்னணியில் நின்றவர்கள் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள். பனிக்காலம் முழுவதும் மறியல் நடந்தது. ஒவ்வொரு நாள் மறியல் முடியும்போதும், லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளிப் பெண் ஒரு பழைய கோயில் பாட்டை எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டில் 'நான்' என்று இருந்த சொல்லை அவர்கள் 'நாம்' என்று மாற்றிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் 1946இல் முடிந்தது. பாட்டு முடியவில்லை. தொழிற்சங்கப் பள்ளி ஒன்றின் வழியாக அது நாடெங்கும் போயிற்று. 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் கைகோத்துப் பாடிய பாட்டு அதுதான். பிறகு ஹிந்தியிலும் தமிழிலும் வந்து, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே பாடுகிறார்கள். புகையிலை தொட்ட கைகள் உலகத்துக்குக் கொடுத்த பாட்டு அது. இங்கே சுளகு வைத்திருக்கும் சகோதரிகள் இதை மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வித்வான்களுக்கு மட்டுமா?

'எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே' என்று சிலர் சொல்லுவீர்கள். பிரிட்டனில் வேல்ஸ் என்ற மலைநாட்டில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே 1872இல் சுமார் 450 பேர் கொண்ட ஒரு கோஷ்டி கானக் குழு சேர்ந்தது. பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர், இரும்பு வேலைக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள். நடத்தியவர் கரடாக் என்று ஜனங்கள் அழைத்த கிரிபித் ரீஸ் ஜோன்ஸ். தொழிலால் அவர் கொல்லர்! லண்டன் ஸ்படிக மாளிகையில் நடந்த போட்டிக்கு அந்தக் குழு போயிற்று. அந்த வருஷம் எதிர்த்துப் பாட ஒரு குழுவும் வரவில்லை. சும்மா கிடைத்த பரிசு என்று கேலி பேசுவார்களே என்று அவர்கள் அடுத்த வருஷமும் போனார்கள். 1873இல் லண்டன் குழு ஒன்று எதிர்த்து நின்றது. அதையும் ஜெயித்துத் திரும்பினார்கள். ஆபர்டேர் நகரத்தில் அந்தக் கொல்லருக்கு 1920இல் சிலை வைத்தார்கள்.

இது எப்படி முடிந்தது? ஜான் கர்வென் என்பவர் பரப்பிய ஒரு சுலபமான முறை இருந்தது. கோடும் புள்ளியுமாக எழுதும் மேல்நாட்டுச் சங்கீத எழுத்து ஏழைகளுக்குப் புரியவில்லை. அவர் ஸ்வரங்களை வெறும் எழுத்துகளாக எழுதிக் கொடுத்தார், நாம் ச ரி க ம என்று எழுதுவதைப் போல. அந்த எழுத்தைப் படித்துக்கொண்டு சுரங்கக் கூலிகள் பெரிய பெரிய இசை மேதைகளின் உருப்படிகளைப் பாடினார்கள். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தனித்தனியாக ஒத்திகை பார்த்தார்கள். பிறகு ஒன்றாகக் கூடிப் பார்த்தார்கள். ஒத்திகைதான் ரகசியம். வேறு ரகசியம் கிடையாது.

சங்கீதம் நம் சீமைக்கும் அந்நியம் இல்லை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது பக்கத்துச் சாம்பவர்வடகரையில்தான். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். காவடி தூக்கி நடக்கிறவனின் கால் தாளத்துக்கு அமைந்த பாட்டு அது. தென்காசியில் பிறந்த பீர் முகம்மது அப்பா நெசவுத் தொழிலாளி. தறியில் உட்கார்ந்தவர் ஞானப் பாட்டு பாடினார். தக்கலையில் அவர் அடக்கமான இடத்தில், அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டுதோறும் விழா இரவில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து விடிய விடியப் பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்கள். நாள் நிச்சயமாக இருக்கிறது, இடம் நிச்சயமாக இருக்கிறது, பாட்டு நிச்சயமாக இருக்கிறது. ஆகவே ஆள் மாறினாலும் பாட்டு நிற்கிறது.

எம்.பி.எஸ். காட்டிய வழி

இப்போது நம் இயக்கத்தின் கதைக்கு வருவோம். 1943இல் வங்காளத்தில் பஞ்சம். லட்சோப லட்சம் ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். பினாய் ராய் முதலான தோழர்கள் பாட்டுக் குழுவாகப் புறப்பட்டு, மற்ற மாகாணங்களுக்குப் போய்ப் பாடி, நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். அதே வருஷம் மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. அந்த மரபிலிருந்து 1958இல் கல்கத்தா இளைஞர் சேர்ந்திசைக் குழு வந்தது.

நம் தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் எம்.பி. சீனிவாசன். 1925இல் பிறந்தவர்; மாணவர் இயக்கத்திலே வளர்ந்த கம்யூனிஸ்டு. சினிமாவில் இசையமைத்தார், சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னால் நின்றார். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அவருடையது. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். தொழில்முறைப் பாடகர்களைத் தேடவில்லை. படிக்கிறவர்களையும் உத்தியோகம் பார்க்கிறவர்களையும் சேர்த்தார். பாரதியின் பாட்டுகளைப் பல குரல் அடுக்கில் பாடவைத்தார். 1988 மார்ச் 9இல் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் காலமானார். அவர் போனபிறகும் குழு பாடியது. ஒரு தலைவர் போனபின்னும் நிற்கிற ஸ்தாபனம்தான் ஸ்தாபனம்.

பல குரல் அடுக்கு என்றால் என்ன? நெசவாளர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பாவு நீளவாட்டில் போகிறது, ஊடை குறுக்கே போகிறது. இரண்டும் ஒரே திசையில் போனால் துணி இல்லை, நூல்தான். அதேபோல் ஒரே பாட்டில் பெண்களுக்கு ஒரு மெட்டு மேலே போகும், ஆண்களுக்கு இன்னொரு மெட்டு கீழே போகும். இரண்டும் தாளத்தில் சந்திக்கும், சுருதியில் சேரும். இப்போது எங்கள் மூன்றாவது தவறை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே மெட்டை ஒரே கட்டையில் பாடினால், யாராவது ஒரு பாதி தொண்டையை விட்டுக்கொடுக்கவேண்டும். குரலுக்குக் குரல் தனி வரிசை கொடுத்தால் யாரும் விட்டுக்கொடுக்கவேண்டாம். அடுக்குக் குரல் என்பது அலங்காரம் இல்லை, நியாயம்.

வருஷம் எப்படி நடக்கும்?

இனி வருஷத்தைப் பார்ப்போம். இப்போது பங்குனி. பிசான அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கிறது. ஆகவே இவ்வளவு கூட்டம். இதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

சித்திரை பதினெட்டு மே தினம். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொடியேற்றி இந்தியாவில் தொடங்கிவைத்த நாள். அன்றைக்குப் பத்துப் பாட்டு பாடவேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். ஒரே ஒரு பாட்டு, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை, யார் கார் வந்தாலும் நிறுத்தாமல்.

வைகாசியில் வாரம் ஒரு ஒத்திகை. ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை. இராத்திரி ஏழு மணிக்கு வைத்தால் ஆண்களுக்கு வசதி. பெண்களுக்கு அடுப்பு வேலை. ஆகவே நாலு மணிதான். மில் தோழர்களுக்கு ஷிப்டு மாறும். சில வாரம் வர முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. வந்தவர் வராதவருக்குச் சொல்லிக்கொடுப்பது கடமை.

ஆனி, ஆடி. மலையிலே மேகம் இறங்கும். குற்றாலத்தில் சாரல் கட்டும். கருப்பாநதியில் தண்ணீர் வரும். கார் நடவு தொடங்கும். இடுப்பு ஒடிய நட்டுவிட்டு வருகிறவர்களிடம் புதுப் பாட்டு கொடுக்கக்கூடாது. அரை மணி நேரம் போதும். அந்த மாதங்களில் நாம் படிக்கவேண்டியது அவர்களிடம்தான். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசை முழுவதும் வாங்கிப் பாடுகிற நடவுப் பாட்டைவிடப் பெரிய சேர்ந்திசை ஏது? யார் அதைச் சங்கீதம் என்று மதித்தார்கள்? பாளையங்கோட்டைப் பேராசிரியர் நா. வானமாமலை மதித்தார். ஊர் ஊராகத் தோழர்களைக் கொண்டு பாட்டுகளைச் சேகரித்து, 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். இன்றைக்கு நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது. மிஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இருபது பேர் வரிசையாக நின்ற வயலில் ஒரு மிஷின் நிற்கும்போது, கூலியோடு பாட்டும் போகிறது. பாட்டிமார் தொண்டையில் மிச்சம் இருப்பதை இந்த ஆடிக்குள் நாம் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். பாடியவர் பேரையும் ஊரையும் நோட்டில் எழுதவேண்டும்.

ஆவணி, புரட்டாசி. கார் அறுப்பு. சிலர் வெளியூர் வேலைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர்தான் வருவார்கள். குழுக்கள் சாகிற மாதம் இதுதான் தோழர்களே! ஏழு பேர் வந்து, இன்றைக்கு ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று பூட்டைப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த வாரம் நாலு பேர் வருவார்கள். ஏழு பேர் வந்தால் ஏழு பேர் பாடவேண்டும். மூன்று பேர் வந்தால் மூன்று பேர். கதவு நாலு மணிக்குத் திறந்திருக்கவேண்டும். சாவி யாரிடம் என்பது செயலாளர் யார் என்பதைவிட முக்கியமான கேள்வி.

ஐப்பசி, கார்த்திகை. அடைமழை. தறிக்குழியில் ஈரம் ஊறும், பாவு காயாது, நெய்கிறவர் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். அந்த இரண்டு மாதமும் சந்தா கேட்கக்கூடாது. ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி கொடுக்கவேண்டும். வேலை இல்லாத அந்த நேரத்தில்தான் இரண்டாவது குரல் வரிசையைப் பழகமுடியும்.

மார்கழியில் டிசம்பர் 25 வரும். 1968இல் அந்த இராத்திரி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் வயோதிகர்களுமாக, ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அந்த நாளில் நம் குழு பாடவேண்டும். கை தட்டவேண்டாம்.

தைப் பொங்கலுக்கு முதல் முழு நிகழ்ச்சி. ஐந்து பாட்டு. பேச்சாளர் கிடையாது. முடிந்தால் மைக்கும் வேண்டாம். மைக் முன்னால் நிற்கும் இரண்டு பேர் குரலைத்தான் அது ஊருக்குச் சொல்லும், பின்வரிசைக்காரரை விழுங்கிவிடும். தெருமுனையில் அரைவட்டமாக நின்று பாடினால் கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்கும்.

மாசியில் மறுபடி அறுப்பு. அப்போது கணக்கு வாசிக்கவேண்டும்: எத்தனை ஒத்திகை, எத்தனை பேர், எத்தனை ரூபாய். நோன்பு மாதம் எந்த மாதத்தில் வந்தாலும், நோன்பு பிடிக்கிற தோழர்களிடம் கேட்டு நேரத்தை மாற்றவேண்டும். கேட்காமல் நாமே மாற்றுவதும் தவறு.

மூன்று விதிகள்

முடிப்பதற்கு முன் மூன்று விதிகளை உங்கள் முன்னால் வைக்கிறோம். ஒப்புக்கொண்டால் கை தூக்குங்கள். இல்லையென்றால் எதிர்த்துப் பேசுங்கள்.

முதல் விதி. நிற்கும் வரிசையைக் குரல்தான் தீர்மானிக்கும். மேல்குரல் ஒரு வரிசை, கீழ்க்குரல் ஒரு வரிசை. தெரு வரிசை கிடையாது. சாதி வரிசை, மத வரிசை கிடையாது. நம் ஊரில் ஒரே தெருவில் சேர்ந்து நடக்காத கால்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு விடும் இடத்தைக் கேட்டுத்தான் நாம் மூச்சு விட முடியும். பக்கத்தில் நிற்க மறுக்கிறவர் பாட முடியாது.

இரண்டாவது விதி. பணக்காரர் ஒருவர் ஆர்மோனியம் வாங்கித் தருகிறேன் என்பார். நன்றி சொல்லி, வேண்டாம் என்போம். மாதம் பத்து ரூபாய் நம் சந்தா. அதில் ஒரு சுருதிப் பெட்டி வாங்க எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். யார் வாங்கிக் கொடுத்த பெட்டியோ, அவர் கேட்கிற பாட்டைத்தான் அது பாடும்.

மூன்றாவது விதி எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு. பேச்சாளர் வரும்வரை நேரத்தை நிரப்ப இந்தக் குழுவை ஒருநாளும் கூப்பிடமாட்டோம். பாட்டு நடக்கும்போது பேச்சாளர் வந்தால், அவர் நின்று கேட்கட்டும். இந்த விதியை மீறினால், அடுத்த கூட்டத்தில் எழுந்து எங்களைக் கேளுங்கள். கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

அடுத்த பங்குனியில் இதே இடத்தில் நாம் கூடவேண்டும். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்போது இருந்தால் நாம் ஜெயித்தோம். பழைய குழுவிலிருந்து போன அந்தத் தாயாரும் அன்றைக்கு வந்து முன்வரிசையில் நின்றால் முழு ஜெயம். இன்றைக்கு அவரைக் கூப்பிட ஆள் அனுப்பினோம், வரவில்லை. நியாயம்தான். ஒரு வருஷம் பாடிக் காட்டிவிட்டு, நாமே போய்க் கூப்பிடுவோம்.

பேச்சை நீட்டினால் பாட்டு மறுபடியும் ஊறுகாய் ஆகிவிடும். பாயைச் சுருட்டுங்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முதலில் பெண்கள் சுருதி சொல்லட்டும். ஆண்கள் தங்கள் குரலை அதிலே தேடிக்கொள்ளட்டும்.